விடுதலைக்கு மறுநாள் நெதர்லாந்தில் அடுப்பு எப்படி எரிந்தது?

கேள்வி இது: “1945 மே 5-ல் நெதர்லாந்து விடுதலையானது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜெர்மானியர் போன பிறகு சாதாரணக் குடும்பம் என்ன சாப்பிட்டது, எதை வைத்துச் செலவழித்தது, எங்கே படுத்தது? இயல்பு வாழ்க்கை திரும்ப எத்தனை நாள் ஆனது?”

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வயிற்றுப்பாடு இரண்டு மாதத்தில் ஓரளவு தேறியது. காபிக்கு ரேஷன் கூப்பன் கிழிப்பது 1952 ஜனவரியில்தான் நின்றது. உப்பேறிய வயல்கள் தேறச் சில ஆண்டுகள் ஆயின. வீட்டுப் பஞ்சம் அதற்கும் பிறகு ஓடிக்கொண்டிருந்தது.

நாடு ஒரே நாளில் விடுபடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்கே மாஸ்ட்ரிக்ட் 1944 செப்டம்பர் 14-லேயே நேசப் படைகளின் கைக்கு வந்துவிட்டது. பெரிய ஆறுகளுக்கு வடக்கே இருந்த ஆம்ஸ்டர்டாம், தி ஹேக், ரோட்டர்டாம் இன்னும் எட்டு மாதம் காத்துக் கிடந்தன. நிலக்கரிச் சுரங்கங்களோ தெற்கே லிம்பர்க்கில். நிலக்கரி விடுதலையான பக்கம், குளிரில் நடுங்கும் ஊர்கள் இன்னொரு பக்கம். லண்டனுக்குத் தப்பிப் போயிருந்த டச்சு அரசு கேட்டுக்கொண்டபடி 1944 செப்டம்பர் 17-ல் ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அதற்குப் பழிவாங்க ஜெர்மானியர் மேற்குப் பகுதிக்கு உணவு போவதை மறித்தார்கள். தடையைத் தளர்த்திய பிறகு கால்வாய்கள் உறைந்து படகும் ஓடவில்லை. நகரங்களில் ரேஷன் நவம்பர் முடிவில் தலைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போனது, பிப்ரவரி இறுதியில் 580-ஐத் தொட்டது. அந்தக் குளிர்காலத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர்.

மே மாதம் வரும்போது மேற்கு நகரத்து வீட்டில் எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை. இரண்டுமே ஆம்ஸ்டர்டாமில் 1944 அக்டோபரில் நின்றவை. சமையல் நடந்தது தகர டின்னில் செய்த கையகல அடுப்பில். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நிலக்கரி அடுப்பின் மேல்மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயில் இந்தச் சின்ன அடுப்பைப் பொருத்துவார்கள். புகை பழைய குழாய் வழியே போய்விடும். விறகை விரல் பருமனுக்குச் சிராய்களாகப் பிளந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் பக்கத்திலேயே உட்காராவிட்டால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும். விறகு எங்கிருந்து? பூங்கா மரங்கள், டிராம் தண்டவாளத்துக்கு நடுவே பதித்திருந்த மரக்கட்டைகள், யூதர்களை இழுத்துப் போன பிறகு காலியாகக் கிடந்த வீடுகளின் படிக்கட்டு, உத்திரம், தளப்பலகை. உத்திரத்தை உருவியதும் பல வீடுகள் அப்படியே சரிந்து விழுந்தன. விடுதலையன்றே விறகுத் தேவை தீர்ந்துவிடவில்லை. கொதிக்க வைக்க வேறு வழி வரும்வரை அந்த டின் அடுப்புதான்.

உலையில் ஏறியது சர்க்கரைக் கிழங்கும் (சர்க்கரை காய்ச்சும் ஒருவகை பீட், நம் சர்க்கரைவள்ளி அல்ல) டியூலிப் பூச்செடியின் கிழங்கும். டியூலிப் கிழங்கின் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவிலிருக்கும் மஞ்சள் முளையைத் தோண்டி எறிய வேண்டும், நச்சு அங்கேதான் அதிகம். பிறகு வேகவைத்து மசிப்பார்கள். சர்க்கரைக் கிழங்கு இன்னும் பாடு: துருவி, நெடுநேரம் கொதிக்கவைத்துப் பாகாக்கினாலும் தொண்டையை அறுக்கும்.

இப்போது நிவாரண உணவு. 1945 ஏப்ரல் 29 முதல் மே 8 வரை பிரிட்டிஷ் விமானங்களும், மே 1 முதல் அமெரிக்க விமானங்களும் தாழப் பறந்து மூட்டைகளைப் பாராசூட் இல்லாமலேயே போட்டன. தி ஹேக்குக்குப் பக்கத்திலிருந்த டைன்டிக்ட் குதிரைப் பந்தயத் திடல், ஈபன்பர்க் விமானத் தளம், ரோட்டர்டாமின் டெர்பிரெக்கே என்று இடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 11,000 டன் அளவு. மே 2 முதல் லாரிகளும் வந்தன. விழுந்த மூட்டையை அங்கேயே பிரித்து அன்றைக்கே சாப்பிட்டதுபோலப் படங்கள் மனதில் பதிய வைத்துவிட்டன. உண்மையில் ஒரு மூட்டையில் முட்டைத்தூள், இன்னொன்றில் சாக்லேட், மற்றொன்றில் மாவு, மார்ஜரின், டின் இறைச்சி. எல்லாவற்றையும் கிடங்கில் சேர்த்து, வகை பிரித்து, நிறுத்து, எந்த எண் கூப்பனுக்கு எத்தனை கிராம் என்று முடிவு செய்துதான் கடைக்கு அனுப்பினார்கள். வீட்டு மேசைக்கு வர ஏறக்குறைய பத்து நாள் பிடித்தது. அதற்குள் பலருக்கு விடுதலையே வந்துவிட்டது. தாமதத்தை அப்போதே பலர் திட்டினார்கள். ஆனால் விழுந்த இடத்திலேயே அள்ளிக்கொள்ளச் சொல்லியிருந்தால், நடக்கத் தெம்பிருந்தவனுக்குத்தான் கிடைத்திருக்கும்.

உணவு வந்ததும் இன்னொரு ஆபத்து கூடவே வந்தது. பட்டினியில் கால் வீங்கியவரின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். அந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால், குறிப்பாக மாவும் இனிப்பும், இன்சுலின் எழும்பி ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் தள்ளிவிடும். ரத்தத்தில் அவை சடாரென்று குறைந்தால் இதயம் தடுமாறும். கொழுப்பு அதிகமானால் வயிற்றுப்போக்கு. இன்று இதற்கு ரீஃபீடிங் சின்ட்ரோம் என்று பெயர். மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கென்று நேசநாட்டு மருத்துவர்கள் முன்கூட்டியே செரித்த புரதக் கரைசலைக் கொண்டுவந்திருந்தார்கள், ஊசி வழியாகவோ வாய் வழியாகவோ கொடுக்க. அதன் நாற்றத்தில் நோயாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்ததே போதுமானதாக இருந்தது. தேறத் தொடங்கியவரின் எடை முதலில் குறையும். நோய் முற்றுகிறது என்று வீட்டார் பயப்படுவார்கள். வீக்கத்திலிருந்த நீர் வடிகிறது, அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் மேற்கு நகரங்களின் ரேஷன் 2,000 கலோரியைத் தாண்டியது.

ரேஷன் முறையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, ஏதோ ஜெர்மானியர் கொண்டுவந்தது என்று. டச்சு அரசே போர் தங்கள் நாட்டுக்கு வருவதற்கு முன், 1939 அக்டோபரில் சர்க்கரையை வைத்து ஒத்திகை பார்த்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு அடிப்படை அட்டை. அதைக் காட்டினால் விநியோக அலுவலகத்தில் கூப்பன் தாள் தருவார்கள். எந்த எண் கூப்பன் எந்தப் பொருளுக்குச் செல்லும் என்பது அவ்வப்போது அறிவிக்கப்படும். கடைக்காரர் கூப்பனை வெட்டி வாங்கி, இரவில் பசை தடவித் தாளில் ஒட்டி, கட்டுக்கட்டாக அலுவலகத்தில் கொடுத்தால்தான் அவருக்கு அடுத்த சரக்கு வாங்க அனுமதி. ஆகவே கூப்பன் என்பது வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, கடைக்கும் மொத்த வியாபாரிக்கும் நாணயம். போர்க்காலத்தில் தலைமறைவாக இருந்தவர்களுக்குச் சோறு போட எதிர்ப்பியக்கத்தினர் வங்கியை விட்டுவிட்டு விநியோக அலுவலகங்களைக் கொள்ளையடித்தது ஏன் என்பது இதிலிருந்து புரியும்.

ஜெர்மானியர் போனார்கள், அட்டை போகவில்லை. துணி, செருப்பு, சோப்பு, சைக்கிள் டயர் எல்லாமே கூப்பனோ அனுமதிச் சீட்டோ இல்லாமல் கிடையாது. சைக்கிள்களை ஜெர்மானியர் பறித்துப் போயிருந்தார்கள். மிஞ்சியவற்றில் டயருக்குப் பதில் தோட்டக் குழாய்த் துண்டோ மரவளையமோ ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவச்சியோ தபால்காரரோ முதலில் டயர் பெறலாம், மற்றவர்கள் தடதடவென்று மரச்சக்கரத்தில்தான்.

இனி பணம். இங்கேதான் நடைமுறை நுணுக்கம் அதிகம், நெதர்லாந்து செய்த துணிச்சலான காரியமும் இதுதான் என்பது என் கருத்து.

போருக்கு முன் புழக்கத்திலிருந்த நோட்டு சுமார் 110 கோடி கில்டர் (அப்போதைய டச்சு நாணயம்). 1945-ல் அது 500 கோடிக்கும் மேல். காரணம் எளிது. 1941 ஏப்ரலில் இரு நாடுகளுக்கும் இடையிலான நாணயக் கட்டுப்பாட்டை ஜெர்மானியர் நீக்கினார்கள். அவர்கள் மார்க்கைக் கொடுத்துப் பொருளை அள்ளினார்கள், டச்சு மைய வங்கி அந்த மார்க்கை வாங்கி வைத்துக்கொண்டு கில்டர் அச்சிட்டுக் கொடுத்தது. அதை எதிர்த்து வங்கித் தலைவர் டிரிப் பதவி விலகினார். அவர் இடத்தில் நாஜி ஆதரவாளர் ரோஸ்ட் வான் டோனிங்கன் உட்கார்ந்தார். போர் முடிந்தபோது சரக்கு சொற்பம், நோட்டு மலை. விலையைச் சட்டம் போட்டு அமுக்கியிருந்ததால் மிச்சப் பணம் எல்லாம் கள்ளச்சந்தைக்குப் பாய்ந்தது. விடுவிக்க வந்த கனேடியப் படைவீரரின் சிகரெட் அந்தச் சந்தையில் நோட்டைவிட நம்பகமான நாணயமாக இருந்தது.

நிதியமைச்சர் பீட் லீஃப்டிங்க் இரண்டு படியில் வேலையை முடித்தார். முதல் படி 1945 ஜூலை 9: 100 கில்டர் நோட்டு செல்லாது, வங்கியில் கட்ட வேண்டும். ஏன் 100? 500, 1,000 நோட்டுகளை 1943 மார்ச்சிலேயே ஜெர்மானியர் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதனால் பதுக்கியவனிடம் இருந்த பெரிய நோட்டு 100 தான். கட்டும்போது பெயர் பதிவாகும், அது வரித்துறைக்குப் போகும், பணமோ கணக்கில் முடங்கும். இரண்டாம் படி செப்டம்பர் 26: மற்ற பழைய நோட்டு எல்லாமே செல்லாது, வங்கிக் கணக்குகள் எல்லாமே முடக்கம். ரேஷன் ஆவணத்தைக் காட்டி ஆளுக்கு 10 பழைய கில்டரைக் கொடுத்து 10 புதிய கில்டர் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு அவ்வளவுதான். கப்பல் முதலாளிக்கும் பத்து, துறைமுகக் கூலிக்கும் பத்து. ‘லீஃப்டிங்கின் பத்து’ என்று மக்கள் இன்றும் சொல்வது இதைத்தான். வாரம் முடிந்ததும் கூலி புதிய நோட்டில் வரத் தொடங்கியது.

மனித மனம் எங்கெல்லாம் ஓட்டை தேடும் என்பதை அந்த வாரங்கள் காட்டின. துத்தநாகச் சில்லறை தொடர்ந்து செல்லும் என்பதால் சில்லறையைப் பதுக்கினார்கள். செப்டம்பருக்கு முன்பே பழைய கடனை அடைப்பது, வரியை முன்கூட்டிக் கட்டுவது என்று நோட்டைக் கைமாற்றினார்கள். வேறு காலத்தில் கடனைத் திருப்பிக் கொடுத்தால் மகிழும் ஆள், இப்போது வாங்கத் தயங்கினார், ஏனென்றால் நாளைக்கு முடங்கப்போகும் பணம் அவர் தலையில் விழுகிறது. முடங்கிய தொகை பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்டது. அதிலிருந்து வரி கட்டலாம் என்பது முக்கியமான விதி. போர்க்காலத்தில் பெருகிய சொத்துக்கு 1946-ல் வந்த வரி கள்ளச்சந்தை ஆதாயத்தில் 90 சதவீதம்வரை பிடுங்கியது. 1947-ல் எல்லாச் சொத்துக்கும் ஒருமுறை வரி. ஆக, முடக்கம் என்பது பணத்தை நிறுத்திவைத்து எண்ணிப் பார்க்க, வரி என்பது எண்ணியதை எடுத்துக்கொள்ள. வரியில்லாமல் முடக்கம் மட்டும் செய்திருந்தால், பணம் வெளியே வந்த அன்றே விலை பழையபடி ஏறியிருக்கும். பெல்ஜியத்தின் நிதியமைச்சர் கமில் கூட் (Gutt) இதே வேலையை 1944 அக்டோபரிலேயே செய்துவிட்டார். லீஃப்டிங்குக்குப் பக்கத்து வீட்டு அனுபவம் பார்க்கக் கிடைத்தது.

நிலத்துக்கு வருகிறேன். தண்ணீர் இரண்டு விதமாக வயலுக்குள் வந்தது, இரண்டின் விளைவும் ஒன்றல்ல. வடக்கே வீரிங்கர்மேர் தாழ்நிலத்தின் கரையை 1945 ஏப்ரல் 17-ல் ஜெர்மானியர் வெடிவைத்து உடைத்தார்கள். 20,000 ஹெக்டேர் மூழ்கியது. பண்ணை வீடுகளை அலை அடித்துத் தள்ளியது. ஆனால் உள்ளே வந்தது ஐசல் ஏரியின் நன்னீர். 1932-ல் கடலை மறித்து அணை கட்டியதிலிருந்து அந்த ஏரி உப்பு நீங்கியிருந்தது. டிசம்பரில் தண்ணீரை இறைத்து முடித்து, அடுத்த ஆண்டே விதைத்தார்கள்.

தென்மேற்கே வால்ஹெரன் தீவின் கதை வேறு. அங்கே கரையை உடைத்தது நேசநாட்டு விமானங்கள், ஜெர்மன் பீரங்கிப் படையை விரட்ட, 1944 அக்டோபரில், நான்கு இடத்தில். கடல் நாளுக்கு இரண்டு முறை உள்ளே வந்து வெளியே போனது. ஒவ்வொரு முறையும் உடைப்பு ஆழமானது. மண்ணைக் கொட்டி மூட முடியாத ஆழம். பழைய கப்பல்களையும், நார்மண்டியில் தற்காலிகத் துறைமுகத்துக்காகச் செய்த கான்கிரீட் மிதவைகளையும் கொண்டுவந்து அமிழ்த்தினார்கள். கடைசி உடைப்பான ராமெகன்ஸ் 1946 பிப்ரவரியில்தான் மூடியது.

மூடிய பிறகு உழவர்கள் செய்யக்கூடிய பெரிய தவறு, மழை பெய்து உப்பு கழுவிப் போனதும் ஏரைப் பூட்டுவது. நம்மூரில் உவர், களர் என்று பிரித்துச் சொல்வோமே, அதே வேறுபாடுதான். கடல்நீரின் சோடியம் களிமண்ணிலிருந்த கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீரில் உப்பு இருக்கும்வரை மண் குருணையாகவே இருக்கும், ஆபத்து தெரியாது. மழை உப்பைக் கழுவியதும் சோடியம் ஏறிய களிமண் கரைந்து சேறாகும், காய்ந்தால் செங்கல்லாகும், தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. நிலம் உவரிலிருந்து களராகிவிட்டது. மருந்து ஜிப்சம். அதைத் தூவி, அதன் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட நேரம் கொடுத்து, ஈரத்தில் உழாமல் பொறுக்க வேண்டும். முதல் பயிர் உப்பைத் தாங்கும் பார்லி. அவரையும் உருளைக்கிழங்கும் பிறகுதான். உழவைவிடக் காத்திருப்பது கடினமான வேலை என்பது கடன் வைத்திருக்கும் உழவருக்குத் தெரியும். வால்ஹெரனின் மரங்கள் பெரும்பாலும் பட்டுப்போய், தீவு மொட்டையாக நின்றது.

ஊர் திரும்பியவர்கள்: போர் நெடுக ஜெர்மனிக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். கடைசியில் அங்கே இருந்தவர்கள் கூட்டங்கூட்டமாக எல்லைக்கு வந்தார்கள். அங்கே ஒரு பம்பு வைத்து சட்டைக் கழுத்து, கை, இடுப்புப் பட்டி வழியே டிடிடி தூளை ஊதுவார்கள், பேன் வழியாக டைபஸ் காய்ச்சல் பரவுவதைத் தடுக்க. காசநோய்க்காக நெஞ்சு எக்ஸ்ரே. பிறகு விசாரணை. இடது கையைத் தூக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: நாஜிகளின் எஸ்.எஸ். படையினருக்கு அங்கே ரத்த வகை பச்சை குத்தியிருக்கும். இதையெல்லாம் தாண்டி, ஊரில் அட்டை பதிவாகாதவரை சாப்பாடு சட்டப்படி இல்லை.

நாஜி ஆதரவாளர்கள் என்று 1945-ல் பிடித்து அடைக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடம், பழைய முகாம், தொழிற்கொட்டகை எல்லாம் சிறையாயின. அவர்களில் பலரை ஆள் பற்றாக்குறையான லிம்பர்க் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். யூதர்களை ரயிலேற்றிய வெஸ்டர்போர்க் முகாம் 1945 ஏப்ரல் 12-ல் விடுபட்டபோது அங்கே ஏறக்குறைய 900 யூதர்கள் மிஞ்சியிருந்தார்கள். மேற்குப் பகுதி இன்னும் விடுபடாததாலும் விசாரணை முடியாததாலும் அவர்கள் உடனே வீடு போக முடியவில்லை. அதே வளாகத்துக்குள் கைதான நாஜி ஆதரவாளர்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள்.

வீட்டுப் பஞ்சத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: இடிந்தவை 80,000-க்கும் மேல், ஐந்து ஆண்டாகப் புதிதாகக் கட்டியது மிகச் சொற்பம், 1946-ல் பிறந்த குழந்தைகள் மட்டும் 2,84,000 அளவில். 1947-ல் வந்த சட்டப்படி உங்கள் வீட்டில் அறை மிச்சமிருந்தால் நகராட்சி அதில் இன்னொரு குடும்பத்தைக் குடிவைக்கலாம். ஒரே சமையலறையை இரண்டு பெண்கள் மணிக்கணக்குப் போட்டுப் பகிர்ந்தார்கள். வாடகையை 1940 அளவிலேயே நிறுத்தி வைத்து, 1951 ஜனவரியில்தான் முதல்முறை 15 சதவீதம் ஏற்றினார்கள். குடியிருப்போருக்கு அது நிம்மதி. வீட்டுக்காரரோ கூரை ஒழுகினாலும் ஏறிப் பார்க்கவில்லை.

யூதர்கள் 1940-ல் ஏறக்குறைய 1,40,000 பேர். நாடு கடத்தப்பட்டவர்கள் 1,07,000. முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 5,000. திரும்பியவர் வீட்டுக் கதவைத் தட்டினால் வேறு யாரோ திறந்தார்கள். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அண்டை வீட்டில் கொடுத்துப் போன கடிகாரத்தையும் போர்வையையும் கேட்டால், கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. காப்பாற்றி வைப்பவர் என்ற சொல்லையும் ஆரியர் என்பதையும் ஒட்டி ‘பெவாரியர்’ என்று ஒரு கசப்பான கேலிச்சொல் அப்போது டச்சு மொழியில் பிறந்தது.

ஆம்ஸ்டர்டாமில் நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். வீட்டுக்காரர் ஆண்டுதோறும் நிலவாடகை கட்ட வேண்டும். முகாமில் இருந்த காலத்துக்கு அந்த வாடகை கட்டப்படவில்லை. வீட்டை நாஜிகளிடமிருந்து வாங்கிக் குடியேறியவர் கட்டவில்லை, உரிமையாளரோ முள்வேலிக்குள். திரும்பி வந்தவரிடம் பாக்கியையும் தாமத அபராதத்தையும் சேர்த்து மாநகராட்சி பில் அனுப்பியது. ஆட்சேபித்தவர்களுக்கும் விதி விதிதான் என்றே பதில் போனது. அந்தக் கடிதங்கள் காப்பகத்தில் கிடந்து 2013-ல் வெளியே வந்தன. 2016-ல் மாநகராட்சி 1 கோடி யூரோ ஒதுக்கியது.